காட்டேஜ் சீஸ்: வீட்டில் செய்வது எப்படி, எவ்வளவு சாப்பிடலாம்?

காட்டேஜ் சீஸ் என்பது பாலைத் திரிய வைத்து, நீரை வடித்து எடுக்கும் மென்மையான, உதிரியான சீஸ். இதை உணவில் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் புரதத்துக்காகவும் கால்சியத்துக்காகவும்தான் சேர்க்கிறார்கள். புரதம் தாராளமாகக் கிடைக்கும். கால்சியத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஏன் என்பது செய்முறையைப் பார்த்தால் தானே விளங்கிவிடும்.

100 கிராமில் என்ன இருக்கிறது?

கொழுப்பு குறைந்த வகையில் (1%) சுமார் 72 கலோரி, 12 கிராம் புரதம், 1 கிராம் கொழுப்பு. முழுக் கொழுப்பு வகையில் (4%) சுமார் 98 கலோரி, 11 கிராம் புரதம். இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 25 கலோரி. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இதைவிட அதிகம் இருக்கிறது. ஆகவே எது வாய்க்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து 3 கிராம் அளவில்தான். நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் கிடையாது. பி12 சுமார் 0.4 மைக்ரோகிராம்.

அழுத்திக் கட்டியாக்கிய பன்னீருக்கும் சில இடங்களில் இதே பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அதில் நீர் குறைவு, கொழுப்பு பல மடங்கு. மேலே உள்ள எண்கள் அதற்குப் பொருந்தாது.

தேவையானவை

கொழுப்பு நீக்கிய அல்லது கொழுப்பு குறைந்த பால் 1 லிட்டர், 5% அமிலமுள்ள வெள்ளை வினிகர் 50 மில்லி, உப்பு கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, கடைசியில் கலக்க 2 மேசைக்கரண்டி பால் அல்லது க்ரீம். அடி கனமான பாத்திரம், மெல்லிய பருத்தித் துணி, வடிகட்டி, சமையல் தெர்மாமீட்டர்.

பால் பாஸ்டரைஸ் செய்ததாக (கிருமிகள் சாகும்படி சூடாக்கிப் பதப்படுத்தியதாக) இருக்க வேண்டும். இந்தச் செய்முறையில் பாலை 50 டிகிரி வரைதான் சூடாக்குகிறோம். அந்தச் சூட்டில் கிருமிகள் சாகாது. கறந்த பால்தான் இருக்கிறது என்றால் முதலில் நன்றாகக் கொதிக்கவிட்டு, 50 டிகிரிக்கு ஆறிய பிறகு தொடங்குங்கள். திரட்டு (பால் திரிந்து சேரும் கட்டி) சற்று மென்மையாக வரும், அவ்வளவுதான். நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பாலைத் தவிர்ப்பது நல்லது. மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தியது என்பதால் கட்டிகள் சேராமல் பொடிப்பொடியாகி, துணி வழியே நழுவும்.

படி 1: மிதமான தீயில் அடிப்பிடிக்காமல் கிளறி, பாலை 50 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து அடுப்பை அணையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால், விரலை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு. ஆவி பறக்கும் நிலை வரக் கூடாது. முதல் முறை செய்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சூடு கூடினால் திரட்டு இறுகி, கடிக்கும்போது ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

படி 2: வினிகரை மெல்ல ஊற்றியபடி, ஒன்றிரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். வேகமாகக் கலக்கினால் கட்டி உடைந்து தூளாகும். பிறகு மூடி வைத்து 30 நிமிடம் தொடாதீர்கள்.

இந்த அரை மணி நேரத்தில் நடப்பதுதான் முக்கியம். பாலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ 80% கேசின். அமிலம் ஏற ஏற, அதை அளக்கும் எண்ணான பி.எச். இறங்கும்; அது 4.6-ஐ நெருங்கும்போது கேசின் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. ஆனால் அதே அமிலம், கேசினோடு பிணைந்திருந்த கால்சியத்தைக் கரைத்து நீரில் விட்டுவிடுகிறது. அதனால்தான் 100 கிராம் காட்டேஜ் சீஸில் கால்சியம் 60 முதல் 80 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கோப்பை பாலில் சுமார் 300 மில்லிகிராம். ரென்னெட் எனும் நொதியைச் சேர்த்து உறைய வைக்கும் செடார் சீஸில் 100 கிராமுக்கு 700-க்கு மேல். எனவே காட்டேஜ் சீஸ் சாப்பிடுகிறோம் என்று பாலையோ தயிரையோ நிறுத்திவிடாதீர்கள்.

அரை மணி கழித்தும் நீர் வெள்ளையாகக் கலங்கியே இருந்தால் அமிலம் போதவில்லை. இன்னொரு மேசைக்கரண்டி வினிகர் விட்டு 10 நிமிடம் பொறுங்கள். நீர் மஞ்சள் கலந்த பச்சையாகத் தெளிந்தால் வேலை முடிந்தது. அந்த நிறம் ரைபோஃப்ளேவின் எனும் பி2 வைட்டமினுடையது. கரைந்த கால்சியமும், பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸின் பெரும்பகுதியும்கூட அந்த நீரில்தான் இருக்கின்றன. கீழே கொட்டாமல் சூப்பிலோ மாவு பிசையவோ பயன்படுத்துங்கள். புளிப்பு கொஞ்சம் தெரியும்.

படி 3: துணியில் ஊற்றி 5 நிமிடம் வடியவிடுங்கள். பிறகு துணியோடு குளிர்ந்த நீரில் காட்டி, விரல்களால் உதிர்த்தபடி 3 நிமிடம் அலசுங்கள். இதைத் தவிர்த்தால் வினிகர் வாடை போகாது. லேசாகப் பிழிந்தால் போதும். ஒட்டப் பிழிந்தால் வறண்டுவிடும்.

படி 4: உப்பும் பாலும் கலந்தால் சுமார் 150 கிராம் கிடைக்கும். கால் தேக்கரண்டி உப்பு முழுவதும் போட்டால் அதில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம் சேரும், அதாவது 100 கிராமுக்கு 400. கடையில் வாங்குவதும் பெரும்பாலும் 300 முதல் 400 வரைதான். ஒரு நாளைக்குச் சோடியம் 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டில் செய்வதன் பெரிய லாபம் இதுதான்: உப்பைப் பாதியாக்கலாம், போடாமலும் விடலாம். கடையில் வாங்குவதானால் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். பழம் கலந்து வரும் டப்பாக்களில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். அதற்குப் பதில் சாதா வகையில் நீங்களே பழம் நறுக்கிப் போடலாம்.

எவ்வளவு, எதோடு?

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. 100 கிராம் காட்டேஜ் சீஸ் அதில் கால் பங்கு கொடுத்துவிடும். இரண்டு முட்டைக்குச் சமம். கேசின் மெதுவாகச் செரிப்பதால் பசியும் சற்றுத் தாமதமாக எடுக்கும். ஒரு வேளைக்கு 100 முதல் 150 கிராம் போதுமானது. நார்ச்சத்துக்குத் தோலுடன் ஓர் ஆப்பிளோ, வெள்ளரி, தக்காளியோ, முழுதானிய ரொட்டியோ கூட இருக்கட்டும். மிக்ஸியில் வழுவழுப்பாக அரைத்தால் மயோனைஸுக்கு மாற்றாகும்: ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் 90 கலோரிக்கு மேல், இது 15 கலோரி அளவில்.

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கிப் பார்க்கலாம். பாலைவிட லாக்டோஸ் குறைவுதான், ஆனால் முற்றிலும் இல்லாமல் இல்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. சிறுநீரக நோய்க்காகப் புரதத்தைக் கட்டுப்படுத்துபவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடிய டப்பாவில், 4 டிகிரிக்குக் கீழ், 4 நாள் வரை வைக்கலாம். மேலே கொஞ்சம் நீர் பிரிந்து நின்றால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, கலக்கிச் சாப்பிடலாம். புளித்த நெடி, வழவழப்பு, நிறமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்: உருகும்போது நீர் தனியாக, திரட்டு மணல் மணலாகப் பிரிந்துவிடும்.