அப்பாவின் கண்ணாடியைப் பார்த்துக் கம்ப்யூட்டர் வாங்குங்கள்

அம்மா அப்பாவுக்கு இதுவரை இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை இரண்டு வாரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். மானிட்டரைக் கடைசியில், மிச்சமிருந்த பணத்துக்கு எடுத்தேன். ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போனால், அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மோவாயைத் தூக்கி, கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவருடையது பைஃபோகல் கண்ணாடி. கிட்டத்தில் படிப்பதற்கான பவர் அடியில் இருக்கிறது, திரையோ கண்ணுக்கு நேரே நிற்கிறது. அரை மணி நேரத்தில் கழுத்து வலித்துவிடும். யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வாங்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன். முதலில் கண்ணுக்கு, பிறகு கைக்கு, பிறகு காதுக்கு. சி.பி.யு. பெட்டி கடைசி.

வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் அவர்கள் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். ஃபோனில் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார்கள், எந்தக் கையால் தொடுகிறார்கள், எதைத் தேடித் தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "எதுவானாலும் சரிப்பா" என்றுதான் பதில் வரும். பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மானிட்டரில் பணத்தைச் சுருக்காதீர்கள். 24 இன்ச்சுக்குக் குறைந்து வேண்டாம். என்னைக் கேட்டால் 27 இன்ச், அதுவும் 1920 × 1080 புள்ளிகள் கொண்டது. இந்த அளவுக்கு அந்தப் புள்ளிகள் போதாது, எழுத்து சொரசொரப்பாகத் தெரியும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். அதே புள்ளிகள் பெரிய பரப்பில் விரிவதால், எதையும் மாற்றாமலேயே 24 இன்ச்சில் தெரிவதைவிட எழுத்து எட்டில் ஒரு பங்கு பெரிதாக விழும். எழுபது வயதுக் கண்ணுக்கு அதுதான் முக்கியம். 4கே மானிட்டர் இவர்களுக்குத் தேவையில்லை. அதில் புள்ளிகள் மிகப் பொடியாக இருப்பதால் எல்லாவற்றையும் நிறையப் பெரிதாக்கி வைக்க வேண்டும், அப்போது சில பழைய மென்பொருள்கள் மங்கலாகத் தெரியும். ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையா என்று கேட்டு வாங்குங்கள். வீடியோ காலுக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்காரும்போது, ஓரத்தில் இருப்பவருக்கும் நிறம் மாறாமல் தெரியும்.

ஸ்டாண்டு ஏறி இறங்க வேண்டும். இறங்குவதுதான் முக்கியம். பைஃபோகல் போட்டவர்களுக்குத் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருந்து, திரை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். புத்தகத்தைக் குனிந்து படிப்பதுபோல.

கீபோர்டும் மவுஸும் வயர் உள்ளதாகவே வாங்குங்கள். பேட்டரி தீர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அம்மாவுக்கு டபுள் கிளிக் வரவே இல்லை. முதல் கிளிக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் விரல் கொஞ்சம் நகர்ந்துவிடும், கோப்பு திறக்காமல் வேறு இடத்துக்கு இழுபட்டுப் போகும். "நான் எதையோ அழிச்சுட்டேன்" என்று பயந்து அந்தப் பக்கமே போகாமல் இருந்தார். விண்டோஸில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸுக்குள், ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. மாற்றி வைத்தேன், அன்றைக்கே அறுபது எழுபது படங்களைப் பார்த்து முடித்தார்.

காது விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மானிட்டருக்குள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் சன்னமாகத்தான் கேட்கும். கையால் திருப்புகிற குமிழ் உள்ள சின்ன ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்குங்கள். டெஸ்க்டாப் பெட்டியில் கேமரா கிடையாது. மைக் உள்ள வெப்கேம் தனியாக வாங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டி. இணையம், மெயில், வீடியோ கால், படம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, இதற்கு மேல் அவர்களுக்கு வேலை இல்லையென்றால் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் போதும். கோப்புகளைச் சேமிக்கும் பாகம் பழைய ஹார்டு டிஸ்க்காக இல்லாமல், அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி.யாக இருப்பது மட்டும் கட்டாயம். நான் முதலில் வாங்கியதில் ஹார்டு டிஸ்க் இருந்தது. பட்டனை அழுத்தி, இணையம் திறக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அம்மா, "இன்னும் ஆன் ஆகலையே" என்று மறுபடி பட்டனை அழுத்துவார், அது அணைந்துவிடும். பிறகு அதே பெட்டியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டேன். அரை நிமிடத்தில் திறந்தது. பிராசசரைத் தொடவே இல்லை.

குறைந்த செலவில் முடிக்க, அலுவலகங்களிலிருந்து கழித்து, சரிபார்த்து விற்கும் பெட்டிகள் நல்ல வழி. டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், ஹெச்.பி. எலைட்டெஸ்க் போன்றவை. நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை, உதிரி பாகமும் கிடைக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. அதனால் விண்டோஸ் 11 முறையாக ஓடும் பெட்டிதான் வேண்டும். பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ. ஐ7 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். ஐ7-6700 ஆறாம் தலைமுறை, அது வேண்டாம். ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, இரண்டும் சரி. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

வாங்கும்போது பின்பக்கத்தையும் பாருங்கள். மானிட்டரை இணைக்க, இந்தப் பெட்டிகள் பலவற்றில் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்காது, டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை மட்டும் இருக்கும். மானிட்டரில் எது இருக்கிறதோ அதற்கேற்ற கேபிளைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வைஃபையும் எல்லாவற்றிலும் இருக்காது.

புதிதாகத்தான் வேண்டும் என்றால், இன்டெல் என்100 பிராசசர் போட்ட, மினி பிசி என்ற சின்னப் பெட்டி போதும். அந்தச் சிப்புக்கு நான்கு கோர், மின்சாரம் வெறும் 6 வாட் கணக்கு. சூடும் குறைவு, சத்தமும் குறைவு. எனக்கு ஒத்துவராதது, திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய ஆல் இன் ஒன். மேசை சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் திரை போனால் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகும், பலவற்றில் உயரத்தைக் குறைக்கவும் முடியாது.

லேப்டாப் போல டெஸ்க்டாப்புக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போகும் இடமென்றால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோய் வைத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதமாக வையுங்கள். மவுஸ் அம்பைப் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றுங்கள். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்பைத் தேடுவது பெரிய சோதனை. பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போடுங்கள். எதையும் மாற்ற அனுமதி உள்ள அட்மின் கணக்கை உங்களுக்கு வைத்துக்கொண்டு, அவர்களுக்குச் சாதாரணக் கணக்கு கொடுங்கள். கண்ட கண்ட மென்பொருள் இன்ஸ்டால் ஆவது குறையும். தமிழில் தட்டச்சு செய்வார்கள் என்றால், தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

தூரத்திலிருந்து உதவ க்விக் அசிஸ்ட் என்ற மென்பொருள் விண்டோஸோடு வருகிறது. நீங்கள் ஒரு குறியீட்டு எண் சொல்வீர்கள், அவர்கள் அதைப் போட்டு அனுமதித்தால் அவர்கள் திரை உங்களுக்குத் தெரியும். இதே வழியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி: நான் பேசினால் மட்டும்தான் எண் போட வேண்டும். "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று யார் கூப்பிட்டாலும், திரையில் ஃபோன் நம்பர் வந்தாலும், பதில் சொல்லாமல் அணைத்துவிட்டு எனக்குப் போன் போட வேண்டும். அணைத்ததற்காக ஒருநாளும் கோபிக்க மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதை நீங்களும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ உள்ள கெடு முடிவதற்குள் ஒருமுறை போய் வாருங்கள். பக்கத்தில் உட்கார வேண்டாம், பின்னால் நின்று பத்து நிமிடம் பாருங்கள். மோவாய் மேலே போனால், மானிட்டரை இன்னும் இரண்டு விரல் இறக்குங்கள்.