கடலோரச் சைக்கிளுக்கு ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும்: தேர்வும் பொருத்தும் முறையும்

மண்டபத்துக்குக் கிழக்கே சைக்கிள் வைத்திருப்பவர்கள் செயினுக்கு எண்ணெய் விட மறப்பதில்லை. உப்புக்காற்று அதைச் சில நாட்களிலேயே சிவக்க வைத்துவிடுவது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஆனால் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் மறைந்திருப்பதால், அதே உப்பு அங்கே செய்யும் வேலை பல ஆண்டுகள் வெளியே தெரியாது. தெரியவரும் நாளில் அதைக் கழற்றவே முடியாமல் போயிருக்கும். ஆகவே இந்தக் கடற்கரையில் ஹேண்டில்பாரை மாற்றவோ உயர்த்தவோ நினைப்பவர், எந்த வடிவம் என்று யோசிப்பதற்கு முன்பாக, இப்போதுள்ள ஸ்டெம் இன்னும் அசைகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

வண்டியில் இருப்பது எந்த வகை?

மீன்பெட்டியும் தண்ணீர்க் குடமும் கட்டும் பழைய கறுப்பு வண்டிகளில் ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிரேக் லிவரும் அதிலிருந்து இறங்கும் கம்பிகளும் அந்தத் துண்டோடு சேர்ந்தவை. எனவே கம்பி பிரேக் வண்டியில் நேரான ஹேண்டில்பாரை மாட்ட வேண்டுமென்றால் பிரேக் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவுக்குப் பெரும்பாலும் பொருளில்லை. இந்த வண்டியில் நாம் செய்யக்கூடியது உயரத்தைச் சரிசெய்வது மட்டுமே.

கேபிள் பிரேக் உள்ள சாதாரண வண்டிகளில் ஸ்டெம் தனித் துண்டு. அதன் கால் 22.2 மி.மீ. விட்டத்தில் ஃபோர்க் குழாய்க்குள் இறங்கி, அடியிலுள்ள ஆப்பு அல்லது கூம்பு விரிவதால் பிடித்து நிற்கிறது. தலையில் ஹேண்டில்பாரைக் கவ்வும் இடம் பெரும்பாலும் 25.4 மி.மீ. இருக்கும். கியர் வண்டிகளில் இன்று பரவலாக இருப்பது மூன்றாவது வகை. அதில் 28.6 மி.மீ. ஃபோர்க் குழாய் மேலே நீண்டு வர, ஸ்டெம் அதை வெளிப்புறமாகக் கவ்விப் பிடிக்கிறது. 1990களில் பரவிய இந்த அமைப்பில் உப்பு புகுந்து இறுகும் மறைவிடம் குறைவு. கடலோரத்துக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. புதிய ஹேண்டில்பார் வாங்கும் முன் கவ்வும் இடத்தை அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். 25.4, 26.0, 31.8 என்ற அளவுகள் ஒன்றுக்கொன்று மாற்றாகா. 25.4 ஸ்டெம்மில் 26.0 ஹேண்டில்பாரை வற்புறுத்தித் திணித்தால் ஸ்டெம்மின் வாய் விரிந்து பிளக்கும்.

உயரமும் காற்றும்

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் பாம்பனிலிருந்து ராமநாதபுரம் நோக்கி மேற்கே மிதிப்பவருக்கு எதிர்க்காற்றின் வலுவை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவருக்கு எதிரே 20 கி.மீ. காற்று வந்தால், உடலை மோதும் காற்றின் வேகம் 35 கி.மீ. ஆகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்வதால், காற்றில்லாத நாளைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமான தடையை அவர் தள்ள வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் பெரும்பகுதி சைக்கிளுடையதன்று, நிமிர்ந்த நெஞ்சினுடையது. ஆகவே ஹேண்டில்பாரை இருக்கையின் உயரத்துக்கோ அதற்கு மூன்று நான்கு செ.மீ. கீழேயோ வைத்துக்கொள்வது, தினமும் நெடுந்தொலைவு போகிறவருக்குக் கணிசமான உழைப்பை மிச்சப்படுத்தும். முதுகுவலி உள்ளவரும், தெருவுக்குள் கடைக்குப் போய்வருபவரும் இதைப் பின்பற்றத் தேவையில்லை. அவர்களுக்கு இருக்கையைவிட உயர்ந்த, பின்னோக்கி வளைந்த பழைய பாணி ஹேண்டில்பாரே வசதி.

கீழ்நோக்கி வளைந்த பந்தய ஹேண்டில்பார் எதிர்க்காற்றுக்கு நல்லது. ஆனால் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை வரை இரு பக்கமும் கடல் தெரியும் சாலையில் காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் அடிக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தின் மேலும் அப்படித்தான். அங்கே தேவைப்படுவது திடீரென்று தள்ளும் காற்றுக்கு ஈடுகொடுக்கும் பிடி. கைகள் தோளின் அகலத்துக்குச் சற்று வெளியே இருந்தால் அந்தப் பிடி கிடைக்கும். மலைச் சைக்கிள்களில் வரும் 720 மி.மீ.க்கு மேற்பட்ட ஹேண்டில்பார் இந்தச் சமவெளிக்கு மிகை, 600 மி.மீ. அளவு பெரும்பாலோர்க்குப் போதும். அலுமினியக் குழாயை வெட்டிக் குறைப்பதென்றால் ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. மட்டும் வெட்டி, சில நாட்கள் ஓட்டிப் பார்த்த பிறகே மேலும் வெட்ட வேண்டும்.

ஸ்டெம் முன்னோக்கி நீளும் அளவும் வண்டி திரும்பும் வேகத்தை மாற்றுகிறது. அது நீளமாக இருந்தால் வண்டி மெதுவாகத் திரும்பும், குட்டையாக இருந்தால் சட்டென்று திரும்பும். இருக்கையிலிருந்து ஹேண்டில்பார் எட்டாமல் முழங்கை விறைத்து நின்றால் 10 அல்லது 20 மி.மீ. குட்டையான ஸ்டெம் போதும்; பலர் செய்வதுபோல் அதற்காக இருக்கையை முன்னால் தள்ளினால் முழங்காலுக்கும் பெடலுக்கும் உள்ள பொருத்தம் கெடுகிறது.

உள்ளே இறங்கும் ஸ்டெம்மைக் கழற்றி மாட்டும் முறை

மேலே தெரியும் போல்ட்டை முழுவதும் கழற்றக் கூடாது. இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். போல்ட்டின் தலை இப்போது சற்று உயர்ந்து நிற்கும். அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து சுத்தியலால் ஒரே அடி அடித்தால், அடியிலுள்ள ஆப்பு பிடியை விட்டு இறங்கும். பிறகு முன்சக்கரத்தை இரு முழங்கால்களுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருகியபடி மேலே இழுக்க வேண்டும். கம்பி பிரேக் வண்டியில், இதற்கு முன்பே பிரேக் கம்பியின் இணைப்பைத் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் கம்பி வளையும்.

வெளியே வந்த ஸ்டெம்மின் காலை உப்புத்தாளால் தேய்த்து, ஃபோர்க் குழாயின் உட்புறத்தைத் துணி சுற்றிய குச்சியால் துடைத்து, இரண்டிலும் கிரீஸ் தடவ வேண்டும். ஆப்பின் சரிவிலும் போல்ட்டின் மரையிலும் தடவுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் முதலில் துரு பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது.

மீண்டும் இறக்கும்போது ஸ்டெம்மின் காலில் பொறித்துள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியவே கூடாது. கோடு இல்லாத பழைய ஸ்டெம்மானால் 65 மி.மீ.க்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும். ஃபோர்க் குழாயின் மேற்பகுதியில் வெளிப்புறம் மரை வெட்டப்பட்டிருப்பதால் அங்கே உலோகம் மெலிந்திருக்கும். ஆப்பு அந்த இடத்தில் விரிந்தால் குழாய் விரிசல் விடும். உயரம் போதவில்லை என்பதற்காக ஸ்டெம்மை மேலே இழுத்து வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம். இன்னும் உயரம் வேண்டுமென்றால் நீண்ட கால் உள்ள ஸ்டெம்மைத் தேட வேண்டும். உயர்த்திய பின் கம்பி பிரேக்கின் நீளத்தையும் கேபிளின் நீளத்தையும் சரிபார்த்து, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

ஸ்டெம் வரவில்லையென்றால்

இரும்புக் குழாய்க்குள் அலுமினிய ஸ்டெம் இருக்கும் வண்டிகளில் சிக்கல் கடுமையானது. இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு இடையே உப்புநீர் நின்றால் அலுமினியம் வேகமாக அரிக்கப்பட்டு, வெண்மையான பொடியாகப் பூத்து, உள்ளிடத்தை அடைத்துவிடுகிறது. என் பழைய வண்டி ஒன்றில் ஐந்து ஆண்டுகள் கிரீஸைப் பற்றி நினைக்காமலே இருந்துவிட்டேன். பிறகு அந்த ஸ்டெம்மை ரம்பத்தால் அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று. அதோடு ஃபோர்க்கும் போயிற்று.

அந்த நிலைக்கு வருமுன் முயல வேண்டியது இது. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கின் அடித்துளை வழியாகத் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி, இரவு முழுவதும் விட வேண்டும். மறுநாளும் அசையவில்லையென்றால், வெப்பத்தை நாடக் கூடாது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் பிடி இன்னும் இறுகும். மாறாகக் குளிர வைக்க வேண்டும். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கிடைக்கும் ஐஸை உடைத்துத் துணியில் கட்டி ஸ்டெம்மின் தலையைச் சுற்றி அரைமணி நேரம் வைத்தால், அலுமினியம் இரும்பைவிடச் சற்றே அதிகமாகச் சுருங்கும். மயிரிழையிலும் குறைந்த வேறுபாடுதான். ஆனாலும் பூத்த பொடியின் பிடி உடைய அது பல நேரம் போதுமானதாக இருக்கிறது. உடனே மேற்சொன்னபடி முழங்காலால் சக்கரத்தைப் பிடித்துத் திருக வேண்டும். கடற்கரைக்கு இரண்டு மூன்று கி.மீ.க்குள் வண்டி நிற்கிறதென்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் அது ஓய்ந்த பின் தை மாதத்தில் ஒருமுறையும் ஸ்டெம்மைக் கழற்றி கிரீஸ் போட்டுவந்தால் இவ்வளவும் தேவைப்படாது.

வெளியே கவ்வும் ஸ்டெம்

இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுண்டு. மேலே மூடியில் தெரியும் போல்ட்தான் ஸ்டெம்மைப் பிடித்திருக்கிறது என்று எண்ணி அதைப் பலங்கொண்டு முறுக்குகிறார்கள். அந்தப் போல்ட்டின் வேலை உள்ளே ஃபோர்க் எளிதாகத் திரும்ப உதவும் எஃகுக் குண்டுகளான பால்ரஸ்களின் மேல் அழுத்தம் கொடுப்பது மட்டுமே. ஸ்டெம்மைப் பிடிப்பவை பக்கவாட்டிலுள்ள இரண்டு போல்ட்டுகள். எனவே முதலில் பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்கி, ஸ்டெம்மை முன்சக்கரத்துக்கு நேராக நிறுத்தி, கடைசியில் பக்க போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிதுசிறிதாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குப் பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்ற அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அளவு காட்டும் சாவி இல்லையென்றால், குட்டையான அல்லன் கீயை விரல்களால் மட்டும் இறுக்கி நிறுத்துவது நீண்ட பைப்பைச் சொருகி முறுக்குவதைவிடப் பாதுகாப்பானது.

உயரத்தைக் குறைக்க, ஸ்டெம்முக்குக் கீழுள்ள வளையங்களை மேலே மாற்றலாம்; ஸ்டெம்மையே கவிழ்த்தும் மாட்டலாம். 6 டிகிரி சாய்வுள்ள 100 மி.மீ. ஸ்டெம்மைக் கவிழ்த்தால் ஹேண்டில்பார் சுமார் 20 மி.மீ. இறங்கும். செலவில்லாமல் முயன்று பார்க்கக்கூடியது என்பதால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

பார்த்து மாற்ற வேண்டியவை

அலுமினிய ஹேண்டில்பார் முன்னறிவிப்பின்றி முறியக்கூடியது. இரும்பு பெரும்பாலும் வளைந்து காட்டிய பிறகே உடையும். ஸ்டெம் கவ்வும் இடத்தின் இரு ஓரங்களிலும், பிரேக் லிவர் இறுக்கிய இடத்திலும் கோடு போன்ற விரிசலோ பொடிப்போ தெரிந்தால் அதை மாற்றிவிட வேண்டும். பலமாக விழுந்த வண்டியின் அலுமினியப் பாரையும் அப்படியே நம்பக் கூடாது. இரும்புக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கின்றன. திறந்த முனைகளை மூடினால் ஈரக்காற்று நுழையாது, விழும்போது வயிற்றில் குத்தும் ஆபத்தும் குறையும். அடைப்பு கிடைக்காத இடத்தில் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டே போதும்.

குடிநீருக்காகக் குடங்களை ஹேண்டில்பாரில் தொங்கவிடும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. ஒரு குடம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கிலோ. அதை ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் ஸ்டெம் கவ்விய இடத்தில் ஹேண்டில்பார் மெல்லத் திரும்பும். இரு பக்கமும் சமமாக மாட்டுவது அதைவிட மேல், பின்கேரியரில் கட்டுவது எல்லாவற்றிலும் மேல்.

வேலை முடிந்ததும் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே பிடித்து ஹேண்டில்பாரைத் திருகிப் பார்க்க வேண்டும். கையின் முழு வலுவுக்கும் அது நகரக் கூடாது. பிறகு முன்பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஃபோர்க் நுழையும் இடத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரிந்தால், பால்ரஸ் அழுத்தத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டும். இரண்டு சோதனையும் தேறிய பின், வாகனம் இல்லாத தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவந்து, எல்லா போல்ட்டுகளையும் இன்னொருமுறை தொட்டுப் பார்த்த பிறகே பாலத்தின் மேல் ஏற வேண்டும்.