வளரும் ஊருக்குக் குடிவந்தவர்கள் சபை தேடும்போது செய்யும் தவறுகள்

சென்ற மாதம் எங்கள் சபையில் நடந்த ஒரு திருமணத்துக்கு ஓர் இளம் தம்பதி வந்திருந்தார்கள். ஊருக்குப் புதியவர்கள். சபை தேடுகிறீர்களா என்று கேட்டேன். "நாங்கள் ஏற்கெனவே ஒரு சபையில் சேர்ந்துவிட்டோம் அண்ணா. முதல் வாரமே எல்லாரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். கட்டட நிதிக்கு மாதாமாதம் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறோம்" என்றார் அந்தப் பெண். அவர்கள் ஊருக்கு வந்து அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சபைப் போதகர் யாருடைய மேற்பார்வையில் இருக்கிறார் என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல வருடங்களுக்கு முன் நானும் என் மனைவியும் இதே கேள்விக்கு இப்படித்தான் விழித்தோம். அந்தத் தம்பதியைப் பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வேலை காரணமாக நான்கு ஊர் மாறியவன் நான். நான்கிலும் சபை தேடியிருக்கிறேன். இப்போது எங்கள் சபையில் புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஜெபித்துவிட்டுத் தேடுங்கள், வேதத்தைப் போதிக்கிற இடமாகப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் விழுகிற குழிகளை மட்டும் சொல்கிறேன்.

பெயர்ப்பலகையை மட்டும் படிப்பது

லுத்தரன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று பலகையில் இருந்தால் உள்ளே என்ன போதிப்பார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். லுத்தரன் சபைகளுக்கு 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை உண்டு. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் புராட்டஸ்டண்டுகளில் பலரும் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணம் 325இல் உருவாகி 381இல் விரிவாக்கப்பட்டது. வளரும் ஊர்களில் முளைக்கும் புதிய சபைகள் பலவற்றின் பெயரில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. கிருபை, ஜீவன், சமாதானம் என்று அழகான சொல் ஒன்று இருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு சபைகள் முக்கியமான விஷயங்களில் நேரெதிராக நிற்பதும் உண்டு.

ஆகவே எழுத்தில் இருக்கும் விசுவாச அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். திரித்துவத்தைப் பற்றி, இயேசு யார் என்பதைப் பற்றி, இரட்சிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரேயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் பாராட்டுகிறது. நீங்களும் தாராளமாக ஒப்பிடலாம்.

ஞானஸ்நானத்தைப் பற்றி முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு. பாப்டிஸ்ட் சபைகளிலும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளிலும் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுகிறவருக்குத்தான் கொடுப்பார்கள். குழந்தைப் பருவத்தில் பெற்றதை ஏற்காமல், உறுப்பினராக வேண்டுமென்றால் மறுபடி பெறச் சொல்லும் சபைகளும் இருக்கின்றன. என் நண்பர் ஒருவருக்கு இது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவர் பிள்ளைகளுக்கு அங்கே நெருங்கிய நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். தன் தாய்தகப்பன் பொய்யான ஒன்றைச் செய்யவில்லை என்று அவர் மனசாட்சி சொன்னது. சபை தன் கொள்கையில் நின்றது. யார் மீதும் தப்பில்லை. முதல் மாதமே கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் அழுதிருக்க மாட்டார்கள்.

திருவிருந்தும் அப்படியே. சில சபைகள் ஞானஸ்நானம் பெற்ற எவரையும் அழைக்கும். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் பொதுவாகத் தங்கள் சபையாருக்கு மட்டும்தான். எழுந்து முன்னே போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் சேர்வது

இன்றும் எனக்கு ஆறாத கோபம் இந்தத் தவறின்மீதுதான். அந்தத் தம்பதியைப் பார்த்ததும் மனம் பதறியதும் இதனால்தான்.

ஊர் வளரும்போது வீடுகள் வெளிப்பக்கமாகப் பெருகும். பழைய ஆலயங்கள் பழைய தெருக்களிலேயே இருக்கும். புதிய குடியிருப்பின் பக்கம் யாராவது ஒருவர் வாடகை மண்டபத்திலோ பள்ளி அறையிலோ தன் வீட்டிலோ ஆராதனையைத் தொடங்குவார். அதில் ஒரு குறையும் இல்லை. பிரிஸ்கில்லா, ஆக்கில்லா வீட்டில் கூடிய சபைக்கு ரோமர் நிருபத்தில் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த 3ஆம் நூற்றாண்டு ஆலயமும் ஒரு வீட்டை மாற்றி அமைத்ததுதான். ஞானஸ்நானத்துக்கென்றே அதில் ஓர் அறை இருந்தது. சொந்தக் கட்டடம் இல்லாததை வைத்து ஒரு சபையை ஒதுக்காதீர்கள்.

நாங்கள் சேர்ந்ததும் ஒரு வாடகை மண்டபத்தில்தான். நாற்பது பேர் இருப்போம். போதகர் நன்றாகப் பிரசங்கம் செய்வார், அதை இன்றும் மறுக்கமாட்டேன். நாங்கள் வீடு மாறிய அன்று சாமான் இறக்க ஆறு பேர் வந்து நின்றார்கள். முன்பின் தெரியாத ஊரில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தனியாகக் குடிபோனவர்களுக்குத் தெரியும். மூன்றாம் வாரமே உறுப்பினரானோம். ஆறாம் மாதம் ஆலயத்துக்கு நிலம் வாங்கலாம் என்ற பேச்சு வந்தது. மகள் படிப்புக்கென்று சேர்த்ததில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்தோம்.

நிலம் யார் பெயரில் பதிவாகப்போகிறது என்று கேட்கவில்லை. காணிக்கையைப் போதகரே எண்ணினார், போதகரே வங்கியில் கட்டினார். ஆண்டுக் கணக்கு என்று ஒன்றை யாரும் வாசித்ததில்லை. இவை எதுவும் அப்போது என் கண்ணில் உறுத்தவில்லை. மூன்றாம் ஆண்டில் வயதில் மூத்த ஒருவர் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் கீழ்ப்படியாமையைப் பற்றி இருந்தது. அதன்பின் அவர் வரவில்லை. அவர் பக்கத்தில் நான் நிற்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பிறகு நான்கு குடும்பங்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். நிலம் போதகரின் சொந்தப் பெயரில் இருந்தது. சரி, யாரிடம் முறையிடுவது? மேலே ஆயர் (பிஷப்) இல்லை. மூப்பர் குழு இல்லை. உறுப்பினர் கூட்டம் என்ற வழக்கமே இல்லை. எந்தக் கூட்டமைப்பிலும் சேரவில்லை. சில மாதங்களில் நிலம் விற்கப்பட்டது, அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த நாற்பது பேரில் சிலர் அதற்குப் பிறகு எந்தச் சபை வாசலையும் மிதிக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது.

சபைகள் நிர்வகிக்கப்படும் விதத்தைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கலாம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன் சபைகளில் ஆயரின் மேற்பார்வை உண்டு. பிரஸ்பிட்டேரியன், சீர்திருத்த (ரிஃபார்ம்ட்) சபைகளில் மூப்பர்கள் குழுவாக நடத்துவார்கள். அவர்களுக்கு மேலே பல சபைகள் சேர்ந்த ஒரு மன்றம் இருக்கும். பாப்டிஸ்ட் சபைகளில் உறுப்பினர் கூட்டமே போதகரை அழைக்கும், வரவுசெலவை ஒப்புக்கொள்ளும். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரிய கூட்டமைப்பைச் சேர்ந்தவையும் உண்டு, தனியாக நிற்பவையும் உண்டு. இவற்றில் எது வேதத்துக்கு நெருக்கம் என்ற விவாதம் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. புது ஊரில் சபை தேடுகிறவர் அதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. போதகரிடம் "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடமாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மேற்பார்வை இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயர்களும் குழுக்களும் உள்ள பழைய அமைப்புகளிலேயே பெரிய குற்றங்கள் நடந்தும் மறைக்கப்பட்டும் இருக்கின்றன. ஆனாலும் அங்கே தட்டுவதற்கு ஒரு கதவாவது இருக்கிறது. எங்களுக்கு அதுகூட இல்லை.

உறுப்பினராவதற்கு முன், போதகரைத் தனியாகச் சந்தித்து மரியாதையோடு கேளுங்கள். காணிக்கையை எத்தனை பேர் சேர்ந்து எண்ணுகிறார்கள்? கணக்கைத் தணிக்கை செய்வது யார், அதைச் சபையார் பார்க்க முடியுமா? சொத்து சபையின் பெயரில் இருக்கிறதா, ஒரு தனி மனிதர் பெயரில் இருக்கிறதா? போதகர் மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள்? கடைசியாக ஒரு போதகரோ மூப்பரோ விலகியது எப்படி? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மிகவும் கவனித்துக் கேளுங்கள். விலகியவர்கள் எல்லாருமே பிசாசின் பிடியில் விழுந்தவர்கள் என்று சொன்னால் அங்கே சேர வேண்டாம்.

இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்லலாம். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு சகோதரரும் கூட வந்தார். யாரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல மனுஷருக்கு முன்னும் யோக்கியமாக நடக்கும்படிக்கு என்று காரணத்தையும் அவரே எழுதுகிறார். 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம். அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட பாதுகாப்பு உங்கள் போதகருக்கும் தேவை.

இப்போதிருக்கும் சபையில் இதே கேள்விகளைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. போதகர் முகம் மாறவில்லை. அடுத்த ஞாயிறு பொருளாளர் முந்தைய இரண்டு ஆண்டுக் கணக்கின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். சேர்வதற்கு முன் இன்னும் நான்கு மாதம் பொறுத்தோம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

கத்தோலிக்கர்கள் பங்கு எது என்று விசாரிக்காமல் இருப்பது

உங்களுக்குத் தேடல் வேறு மாதிரி. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி பங்கு என்பது பொதுவாக ஒரு நிலப்பகுதி. நீங்கள் குடியேறிய இடம் ஏற்கெனவே ஏதோ ஒரு பங்குக்குள் இருக்கும். புதிய குடியிருப்புகள் நெடுங்காலம் பழைய பங்கின் கீழேயே இருப்பது உண்டு. அருகில் சிற்றாலயம் இருந்தாலும் அங்கே ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி இருக்கும் என்று சொல்ல முடியாது. பங்குத்தந்தையின் அலுவலகத்தில் கேளுங்கள். வேலை காரணமாக ஞாயிறு போக முடியாதவர்களுக்குச் சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடமையை நிறைவேற்றியதாகக் கணக்கில் வரும். பங்குப் பதிவேட்டில் பெயரை எழுதிவிடுங்கள். வீட்டில் ஒருவர் நோயில் படுக்கும்போது குருவானவருக்கு வழி தெரிந்திருக்கும்.

கைபேசி வரைபடத்தை நம்புவது

ஆராதனை நேரத்தைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வீடுகளில் கூடுகிறவர்கள் வரைபடத்தில் இருக்கவே மாட்டார்கள்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாளில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

வேண்டாம். சாதாரண ஞாயிறு போய்ப் பாருங்கள்.

பாட்டையும் ஒலிபெருக்கியையும் வைத்து அளப்பது

ஒரு வருடத்தில் காதுக்குப் பழகிவிடும்.

பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவது

ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறைக்கு ஒருமுறையாவது நீங்களே போய் உட்காருங்கள். எந்த அறையிலும் பிள்ளைகளோடு ஒரே ஒரு பெரியவர் மட்டும் இருக்கக்கூடாது, இரண்டு பேராவது வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியாவது இருக்க வேண்டும். ஆசிரியர்களை எப்படித் தெரிந்தெடுக்கிறார்கள், அதற்கு எழுதப்பட்ட விதி உண்டா என்று கேளுங்கள். இருபது பேர் உள்ள சபையிலும் இதைச் செய்ய முடியும், செய்கிறவர்களை எனக்குத் தெரியும். "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தானே" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

தேடிக்கொண்டே இருப்பது

மேலே சொன்னதைப் படித்துப் பயந்து ஒதுங்கி நிற்கிறவர்களும் உண்டு. எங்கள் பழைய சபை உடைந்தபின் நாங்கள் ஒன்றரை வருடம் அப்படி இருந்தோம். வாரம் ஓர் இடம். எல்லாவற்றிலும் ஏதாவது குறை தெரிந்தது. அந்தக் காலத்தில் மகளுக்கு ஒரே ஒரு ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரின் பெயர்கூட நினைவில் இல்லை. சிறிய ஊரில் மூன்றோ நான்கோ சபைதான் உங்களுக்கு ஒத்துவரும். ஒவ்வொன்றிலும் நான்கு ஞாயிறு, கூடவே வார நாளில் ஒரு ஜெபக்கூட்டமோ வேதபாட வகுப்போ என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் வருகிற பத்துப் பேரைப் பார்த்தால் சபையைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும். ஐந்தாறு மாதத்தில் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடலாம்.

பழைய சபையிலிருந்து பெயரை அவசரமாக எடுப்பது

பல சபைகளில் உறுப்பினர் மாற்றுக் கடிதம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. புது இடத்தில் சேர்வது முடிவான பிறகு அதைக் கேளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கத்தோலிக்கர்களுக்கு உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டிலேயே குறிக்கப்படும் என்பதால் அந்தப் பங்கின் பெயரும் தேதியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இளம் தம்பதியின் மாற்றுக் கடிதம் இன்னும் பழைய சபையில்தான் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். நிலம் யார் பெயரில் வாங்கப்படுகிறது என்று போதகரிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆகிறது, பதில் வரவில்லை. கட்டட நிதிக்கு இந்த மாதம் கொடுக்கவில்லை என்று நேற்று அந்தப் பெண் சொன்னார்.