வீட்டு ஷெட்டில் கனரக வண்டியின் கியர் பாக்ஸ் இறக்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் பாக்ஸ் இறக்கும் வேலையில் போல்ட் கழற்றுவது பாதி வேலைகூட இல்லை. எடையைச் சமாளிப்பதுதான் மீதி எல்லாம். 10 கியர் உள்ள பெரிய லாரி கியர் பாக்ஸ், ஆயில் இல்லாமலே ஏறக்குறைய 300 கிலோ இருக்கும். நடுத்தர லாரிகளில்கூட 100 கிலோவைத் தாராளமாகத் தாண்டும். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். வண்டியை எது தாங்கப்போகிறது? இன்ஜினை எது தாங்கப்போகிறது? கியர் பாக்ஸை எது தாங்கப்போகிறது? இந்த வேலையில் நடக்கும் மோசமான விபத்துகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதால்தான் வருகின்றன.

முதல் தவறு, அளக்காமல் ஆரம்பிப்பது. அடியில் படுத்து வேலை பார்க்க இடம் கிடைத்தால் போதும் என்று வண்டியைத் தூக்கி நிறுத்திவிடுகிறார்கள். கியர் பாக்ஸ் கழன்று கீழே இறங்கியும்விடும். ஆனால் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராது. பெரிய லாரிகளில் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடி இன்ஜினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) மட்டுமே அரை மீட்டருக்கு மேல் அகலம். அதோடு ஜாக்கியை முழுக்க இறக்கிய பிறகும் மிஞ்சும் உயரத்தைச் சேருங்கள். அவ்வளவு இடைவெளி பக்கச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே வேண்டும். பாதி கழற்றிய வண்டியை, அடியில் கியர் பாக்ஸ் கிடக்கும்போது இன்னொரு முறை ஜாக்கி போட்டுத் தூக்குவது மிக ஆபத்தான வேலை. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்த ஷெட்டில் அந்த வேலை வேண்டாம். லிஃப்ட் அல்லது பள்ளம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

தரையையும் இதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். சரிவில்லாத கெட்டியான கான்கிரீட் வேண்டும். மண் தரை, டைல்ஸ், மெல்லிய சிமென்ட் பூச்சு இவற்றில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும், ஒரு பக்கமாகச் சாயும். கியர் பாக்ஸ் ஜாக்கியின் சக்கரங்கள் சிறியவை. ஒரு கூழாங்கல் தட்டினாலே நின்றுவிடும், மேலே இருக்கும் எடை மட்டும் முன்னால் போகப் பார்க்கும். தரையைக் கூட்டிச் சுத்தம் செய்வதும் பாதுகாப்பு வேலைதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போவது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் 'ஒரு நிமிஷம்தானே' என்று போகிறார்கள். ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்தான். அது விட்டால் விலகி வெளியே வர நேரம் இருக்காது. ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக், செங்கல் அடுக்குவது இன்னும் மோசம். அவை வளைந்து எச்சரிக்காது, ஒரே நொடியில் உடையும். ஸ்டாண்டு வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா என்று பாருங்கள். வண்டியை ஸ்டாண்டில் உட்காரவைத்ததும், உள்ளே போகும் முன், வெளியே நின்று பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கேபினைக் கவிழ்க்கும் வகை வண்டியாக இருந்தால், அதைத் தாங்கும் கம்பி பூட்டு விழுந்து நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இப்போது சொல்லப்போவது பலரும் யோசிக்காத விஷயம். வண்டியை கியரில் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய கணமே அந்தப் பிடி போய்விடும். ஏனென்றால் கியர் பாக்ஸையும் பின் சக்கரத்தையும் இணைப்பது அந்த ஷாஃப்ட்தான். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம்மே கியர் பாக்ஸின் பின்முனையில்தான் இருக்கும். ஷாஃப்ட் போனால் அந்த பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது. ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடிக்கும், சரி. ஆனால் முன்பு ஏதோ வேலைக்காக அந்த ஸ்பிரிங்கை போல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தால் பிடிக்காது. எனவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஷாஃப்ட்டில் கை வைக்க வேண்டும். கழற்றும் முன், ஷாஃப்ட் இணையும் இடத்தில் போல்ட் போட்டிருக்கும் இரண்டு வட்டத் தகட்டிலும் (ஃபிளாஞ்ச்) சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். திரும்ப அதே நிலையில் மாட்டாவிட்டால் ஓட்டத்தில் அதிர்வு வரலாம்.

சின்ன வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுங்கள். சாவி எடுத்திருந்தாலும் ஸ்டார்டர் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் கரன்ட் இருக்கும். கியர் மாற்ற ஏர் லைன் இருந்தால் டேங்க் காற்றை முழுக்க இறக்கிவிட்டே அதைக் கழற்றுங்கள். ஆயில் ஆறியிருக்கட்டும். அப்புறம், வடிக்கும் பிளக்கைத் திறக்கும் முன் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. பெல் ஹவுசிங்கின் படத்தை ஒரு அட்டையில் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

பின் மவுண்டிங்கையும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையும் எடுத்ததும் இன்ஜின் பின்பக்கமாகச் சாயும். பல வண்டிகளில் இன்ஜினுக்குப் பின்பக்கத் தாங்கலே கியர் பாக்ஸ் மவுண்டிங்தான். இன்ஜின் சில சென்டிமீட்டர் சாய்ந்தாலே ஃபேன் போய் அதைச் சுற்றியுள்ள கூட்டில் (ஷ்ரவுட்) இடிக்கலாம், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடலாம், பின்பக்கம் ஒயர்கள் நசுங்கலாம். அதனால் இன்ஜின் பிளாக்கின் பின்பகுதிக்குத் தனியாக முட்டு கொடுங்கள். இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பின் நடுவில் கொடுத்தால் தகடு அமுங்கும், உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாய் வரை பாதிக்கலாம்.

கியர் பாக்ஸுக்கு அதற்கென்றே உள்ள ஜாக்கி வேண்டும். முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் வசதியும் கட்டிப்போடச் சங்கிலியும் அதில் இருக்கும். சாதாரண டிராலி ஜாக்கியின் சின்ன வட்டத் தட்டில் இவ்வளவு எடை நிற்காது, ஒரு தட்டுத் தட்டினால் உருளும். எடையின் மையம் கியர் பாக்ஸின் நீளத்தில் சரியாக நடுவில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) சேர்ந்திருந்தால் பக்கவாட்டிலும் விலகும். சங்கிலி கட்டாமல் ஒரு போல்ட்கூடக் கழற்ற வேண்டாம். ஷெட்டின் கூரைச் சட்டத்தில் செயின் பிளாக் மாட்டித் தூக்குவதும் வேண்டாம். அது கூரையைத் தாங்கப் போட்ட சட்டம்.

இனி கியர் பாக்ஸ் இன்ஜினை விட்டுப் பிரியும் நேரம். நிதானம் மிகவும் தேவைப்படுவது இங்கேதான். மேல் பக்கம் இரண்டு போல்ட்டை எடுத்துவிட்டு அந்த ஓட்டைகளில் தலையில்லாத நீளமான ஸ்டட் இரண்டைப் போடுங்கள். கியர் பாக்ஸ் அவற்றின் மேல் நேராக வழுக்கி வரும். எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் அசையவில்லையா? பலம் காட்டும் முன் ஒளிந்திருக்கும் போல்ட் ஏதாவது உண்டா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பெரும்பாலும் மேலே, கை போகாத இடத்தில் ஒன்று மிச்சம் இருக்கும். அதைக் கவனிக்காமல் கடப்பாரை போட்டு நெம்பினால் அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும்.

நகர ஆரம்பித்ததும் இன்ஜினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் இடையே விழும் இடைவெளியைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் ஜாக்கி சரியான கோணத்தில் இருக்கிறது. மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பின்முனை தாழ்ந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கீழே அதிகமென்றால் பின்முனையைத் தாழ்த்துங்கள். இப்படி விரல் அளவு இழுப்பது, பார்ப்பது, திருத்துவது என்று போக வேண்டும். ஏனென்றால் ஹவுசிங் பிரிந்த பிறகும், கியர் பாக்ஸின் முன்னால் நீட்டி நிற்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஜாக்கியைச் சற்று இறக்கினால் மொத்த எடையும் ஷாஃப்ட்டின் நுனியில் தொங்கும். கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணும், ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் கெடும். ஷாஃப்ட் முழுக்க வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

பல பெரிய லாரிகளில் இழுத்து விடுவிக்கும் வகை கிளட்ச் இருக்கும். அதில் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கிளட்ச்சோடு சேர்ந்தே நிற்கும். அந்த பேரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கை அதிலிருந்து விலக்காமல் இழுத்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால், கிளட்ச்சுக்குப் பதிலாக உள்ள டார்க் கன்வெர்ட்டரை இன்ஜின் பக்கத்து ஃப்ளெக்ஸ் பிளேட்டிலிருந்து கழற்றி, கியர் பாக்ஸ் பக்கமே தள்ளி, முன்னால் ஒரு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளிருக்கும் ஆயிலோடு நழுவிக் காலில் விழும்.

வெளியே எடுத்ததும் ஜாக்கியை முழுக்கத் தாழ்த்திவிட்டே தள்ளுங்கள். உயரத்தில் வைத்து உருட்டினால் திரும்பும் இடத்தில் கவிழும். நழுவ ஆரம்பித்தால் கை கொடுத்துப் பிடிக்காதீர்கள், விலகிவிடுங்கள். உடைந்த ஹவுசிங்கை மாற்றலாம். கூட ஒருவர், வண்டிக்கு வெளியே, எப்போதும் இருக்கட்டும். கிளட்ச் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

திரும்ப ஏற்றும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது. ஹவுசிங் இன்ஜினோடு சேர ஒரு சென்டிமீட்டர் பாக்கி, கையால் தள்ளினால் போகவில்லை, போல்ட்டை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நிறுத்துங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள் (ஸ்ப்ளைன்) நேராக இல்லை, அல்லது கிளட்ச் பிளேட் நடுவில் உட்காரவில்லை, அல்லது டார்க் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப்புக்குள் முழுதாக இறங்கவில்லை. இந்த நிலையில் முறுக்கினால் கிளட்ச் பிளேட்டோ ஆயில் பம்ப்போ உடையும். மறுபடி பின்னுக்கு இழுத்துச் சரி செய்து, கையால் தள்ளியே ஹவுசிங் முழுக்க ஒட்டிய பிறகு போல்ட் போடுங்கள்.