இ.எம்.டி. வகுப்புக்குப் புத்தகம் வாங்குவது எப்படி? (11 டாலருக்கு வாங்கி அசடு வழிந்த அனுபவத்தோடு)

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஸ்குவாடில் சேர்ந்து மூன்று வருடமாகிறது. ஏன் சேர்ந்தேன், வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் தனிக்கதை. இது புத்தகக் கதை. இ.எம்.டி. என்றால் எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன், ஆம்புலன்ஸில் வந்து அவசர உதவி செய்பவர். "இ.எம்.டி. வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன், எந்தப் புத்தகம் வாங்கட்டும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன், இனிமேல் இந்த இணைப்பைத்தான் அனுப்பப்போகிறேன்.

நான் சொல்வது அமெரிக்காவில் படிப்பவர்களுக்கு மட்டும். வகுப்பில் எப்படிச் சேருவது, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சான்று அட்டை எங்கே வாங்குவது என்பதெல்லாம் உங்கள் பயிற்சி மையமே சொல்லிவிடும்.

படி 1: இப்போதே வாங்காதீர்கள்

பெயர் கொடுத்த அன்றே புத்தகம் வாங்கி, அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். எது நல்ல புத்தகம் என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை, வகுப்பு நடத்துபவர் ஏற்கனவே ஒன்றை முடிவு செய்திருப்பார். வாராவாரம் எந்த அத்தியாயம், எந்தத் தேர்வு என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் ஓடும்.

பயிற்றுநருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கேட்க வேண்டியவை: புத்தகத்தின் பெயர், எத்தனையாவது பதிப்பு, 13 இலக்க ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்), ஆன்லைன் கோடு (code, நுழைவுக் குறியீடு) கட்டாயமா. நான்காவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படி 2: கோடு

பெரிய பதிப்பகங்கள் எல்லாம் புத்தகத்தோடு ஓர் இணையதளத்தையும் சேர்த்து விற்கின்றன. வீட்டுப்பாடம், அத்தியாயத் தேர்வு எல்லாம் அதற்குள்தான். உள்ளே போக ஒரு கோடு வேண்டும். அது ஒருமுறை சுரண்டிய ரீசார்ஜ் கார்டு மாதிரி, ஒருவர் பயன்படுத்திவிட்டால் அவ்வளவுதான். பழைய புத்தகத்தில் அட்டைக்குப் பின்னால் கோடு இருக்கிறதே என்று மகிழ வேண்டாம்.

ஒரே புத்தகம், ஒரே பதிப்பு. ஆனால் கோடு இல்லாததற்கு ஓர் ஐ.எஸ்.பி.என்., கோடு சேர்ந்ததற்கு இன்னொன்று. அதனால் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கோடு கட்டாயமில்லை என்று பதில் வந்தால் பழைய புத்தகமே போதும். கட்டாயம் என்றால் கோடு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பதிப்பகத்தின் தளத்தில் பாருங்கள், மின்புத்தகமும் சேர்ந்தே வரலாம்.

படி 3: ஆண்டைப் பாருங்கள் (நான் விழுந்த குழி)

எனக்கு வந்த பதிலில் புத்தகத்தின் பெயர் மட்டும் இருந்தது. பதிப்பு எண் இல்லை. சரி, ஏதோ ஒன்று என்று பழைய புத்தகம் விற்கும் ஒரு தளத்தில் 'இ.எம்.டி. பேசிக்' என்று தேடினேன். 11 டாலருக்கு, தபால் செலவோடு, நல்ல கனமான புத்தகம் ஒன்று கிடைத்தது. மிச்சம் பிடித்த பெருமையில் நான்கு வாரம் விழுந்து விழுந்து படித்தேன்.

ஐந்தாவது வாரம் செய்முறைப் பயிற்சி. தரையில் சக மாணவன் ஒருவன் விபத்தில் அடிபட்டவனாகப் படுத்திருக்கிறான். நான் கையுறை மாட்டி, இடம் பாதுகாப்பானதா என்று பார்த்து, மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பிக்கிறேன்: "இனிஷியல் அசெஸ்மென்ட் முடிந்தது, அடுத்தது ஃபோகஸ்டு ஹிஸ்டரி…"

பயிற்றுநர் ஓய்வுபெற்ற பாராமெடிக் (இ.எம்.டி.யைவிட மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்), அதிகம் பேசாதவர். கையிலிருந்த மதிப்பெண் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் புத்தகத்தைக் கொண்டு வா" என்றார். முதல் தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் அச்சான ஆண்டின் மேல் விரலை வைத்தார். பிறகு தரையில் படுத்திருந்த பதினேழு வயதுப் பையனைக் காட்டி, "இது அச்சாகும்போது இவன் பிறக்கவே இல்லை" என்றார். படுத்திருந்த நோயாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். 'இ.எம்.டி. பேசிக்' என்பது 1994 பாடத்திட்டத்தின் பெயர். அப்போது மொத்தப் படிப்பே 110 மணி நேரம். 2009-இல் தேசிய அளவில் புதிய கல்வித் தரநிலை வந்தது. படிப்பு 150 முதல் 190 மணி நேரம் ஆனது, பெயரிலிருந்து 'பேசிக்' போய் வெறும் இ.எம்.டி. ஆனது. 2021-இல் அதையும் திருத்திவிட்டார்கள். ஆனால் பேச்சில் இன்னும் எல்லோரும் பேசிக் என்றுதான் சொல்கிறோம். அதையே தேடலிலும் அடித்தால் பழைய சரக்கு முன்னால் வந்து நிற்கும். அட்டையில் பேசிக் என்றோ இ.எம்.டி.-பி என்றோ இருந்தால் தொடாதீர்கள்.

புத்தகம் கையில் கிடைத்ததும், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், பத்து நிமிடம் இப்படிச் சோதித்துவிடுங்கள்.

முதலில் நோயாளியைப் பரிசோதிக்கும் அத்தியாயத்துக்குப் போங்கள். சீன் சைஸ்-அப், பிரைமரி அசெஸ்மென்ட், ஹிஸ்டரி, செகண்டரி அசெஸ்மென்ட், ரீஅசெஸ்மென்ட் என்று போனால் புதுசு. இனிஷியல், ஃபோகஸ்டு, டீடெயில்டு, ஆன்கோயிங் என்று போனால் என் 11 டாலர் புத்தகத்தின் தம்பி. வேலை கிட்டத்தட்ட ஒன்றுதானே, பெயர்தானே வேறு என்று நானும் வாதாடிப் பார்த்தேன். தேர்வில் கேள்வி அந்தப் பெயர்களில்தான் வருகிறது.

அடுத்து, பின்னாலுள்ள அகராதி வரிசையில் டூர்னிக்கெட்டைத் தேடுங்கள். கை கால் காயத்தில் ரத்தம் நிற்காவிட்டால் மேலே இறுக்கிக் கட்டும் பட்டை. என் புத்தகத்தில் அதைக் 'கடைசி வழி' என்று போட்டிருந்தது. முந்தைய சொந்தக்காரர் அந்த வரிக்கு மஞ்சள் பூசி, ஓரத்தில் மூன்று நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். பாவம், அவர் காலத்தில் அது சரி. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கிடைத்த அனுபவத்துக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது நேரடியாக அழுத்தியும் நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் டூர்னிக்கெட்தான். காயத்தை உயரத் தூக்கிப் பிடி, தமனியை அழுத்து என்ற நடுப்படிகள் போய்விட்டன.

பேக்போர்டு: விபத்து என்றாலே எல்லோரையும் பலகையில் கட்டு என்று சொன்னால் பழசு. 2013-இல் ஆம்புலன்ஸ் மருத்துவர்களும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களும் சேர்ந்து அதைக் குறைக்கச் சொல்லி அறிக்கை விட்டார்கள். ஆக்ஸிஜன்: யார் வந்தாலும் மாஸ்க் மாட்டி 15 லிட்டர் திறந்துவிடு என்றால் பழசு, ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜன் அளவைப் பார்த்து அது 94 சதவீதத்தை எட்டும் அளவுக்குக் கொடு என்றால் புதுசு. நலாக்ஸோன்: போதை மருந்து அளவு மீறினால் மூக்கில் அடிக்கும் மருந்து. இ.எம்.டி. கொடுக்கலாம் என்று இருக்க வேண்டும்.

சி.பி.ஆர்.-ஐ மட்டும் இந்தப் புத்தகத்தை நம்பிப் படிக்காதீர்கள். 2010 வரை மூச்சுப்பாதை முதலில், அதற்குப் பிறகு நெஞ்சழுத்தம் முதலில். 2015-இல் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் விஷயம் இது, ஆயிரம் பக்கப் புத்தகத்தால் பின்னால் ஓட முடியாது. சி.பி.ஆர். வகுப்பில் கொடுக்கும் சின்னப் புத்தகம்தான் வேதம்.

படி 4: தேர்வு உங்கள் கையில் என்றால்

சில பயிற்றுநர்கள் "எதுவானாலும் சரி" என்பார்கள். அப்போது மூன்று பெயர்கள் கண்ணில் படும்.

ஒன்று 'ஆரஞ்சுப் புத்தகம்'. அட்டை ஆரஞ்சு நிறம், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எலும்பு மருத்துவர்களின் அமைப்பு 1971-இல் முதலில் வெளியிட்டது. ஆம்புலன்ஸுக்கும் எலும்பு மருத்துவருக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் யோசித்தேன். சாலை விபத்தில் ஒடிந்த எலும்புகள் அவர்களிடம்தானே வந்து சேர்ந்தன! இதில் 10ஆம் பதிப்பிலிருந்துதான் 2009 தரநிலை, அதற்கு முந்தையவை வேண்டாம். நான் இரண்டாவதாக வாங்கியது 12ஆம் பதிப்பு. எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

இரண்டாவது பிராடி வரிசையில் வரும் 'எமர்ஜென்சி கேர்'. ஆங்கிலம் எளிது, பேசுவது போல ஓடும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மூன்றாவது 'பிரீஹாஸ்பிட்டல் எமர்ஜென்சி கேர்'. உடலுக்குள் ஏன் அப்படி நடக்கிறது என்று ஆழமாகப் போகும். பின்னால் பாராமெடிக், நர்சிங் என்று போகும் எண்ணம் இருந்தால் நல்லது. பகல் வேலையை முடித்துவிட்டு இரவு வகுப்புக்கு ஓடுபவருக்குப் பாரம்.

இ.எம்.டி.க்களுக்குச் சான்று வழங்கும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பின் தேர்வுக்கு எது உகந்தது என்று கேட்காதீர்கள். அவர்கள் எந்தப் புத்தகத்தையும் சிபாரிசு செய்வதில்லை. மூன்றில் எதைப் படித்தாலும் தேறலாம்.

கூடவே விற்கும் பயிற்சி நூலை வாங்க வேண்டாம். நான் வாங்கியது இன்னும் புது மணத்தோடு இருக்கிறது. அந்தப் பணத்துக்குக் கேள்வி வங்கிச் செயலி ஒன்றை இரண்டு மாதத்துக்கு எடுங்கள்.

படி 5: புத்தகத்தை வெட்டுங்கள்

சரஸ்வதி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகத்தை ரயிலில் மடியில் வைத்துப் படிக்க முடியாது. நகல் கடையில் கொடுத்தால் முதுகை வெட்டி, மூன்று பாகமாகப் பிரித்து, ஸ்பைரல் போட்டுத் தருவார்கள். திரும்ப விற்க முடியாது, வாடகைப் புத்தகம் என்றால் நினைத்தும் பார்க்காதீர்கள். எனக்கு இது செய்த பிறகுதான் படிப்பே ஓடியது.

படி 6: முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள்

வகுப்பு எந்த வரிசையில் போனாலும் நோயாளியைப் பரிசோதிக்கும் அத்தியாயத்தை முதல் வாரமே ஒருமுறை படித்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து நேஷனல் ரெஜிஸ்ட்ரி தேர்வையே அப்படித்தான் பிரித்திருக்கிறார்கள். முன்பு மூச்சுப்பாதை, இதயம், விபத்து என்று பாடவாரியாக இருந்தது. இப்போது ஓர் அழைப்பு வந்தால் நாம் செய்யும் வரிசையில் போகிறது. அதில் பிரைமரி அசெஸ்மென்டுக்குத்தான் பெரிய பங்கு. எழுபதிலிருந்து நூற்றிருபது கேள்வி வரை, இரண்டு மணி நேரம், உங்கள் பதிலைப் பார்த்துக் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போவது போலிருந்தால் பதற வேண்டாம்.

ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதுங்கள். 'டயஃபொரெட்டிக்' பக்கத்தில் 'வியர்த்துக் கொட்டுது' என்று எழுதிய பிறகு எனக்கு மறக்கவே இல்லை. தலைகீழாகவும் இது உதவும். இங்கே எடிசன் என்ற ஊர்ப் பக்கம் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா அம்மாக்களிடம் போகும்போது "மயக்கமா வருது" என்பார்கள். அது தலைசுற்றலா, கண் இருட்டிக்கொண்டு வருவதா, நினைவு தப்பி விழுந்தாரா? புத்தகம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறது, நம் சொல் மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்கிறது. "அப்பா, விழுந்தீங்களா? விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டுவிட்டுத்தான் தாளில் எழுதுவேன்.

சேர்த்தது 1: டெக்சஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மின்புத்தகம் வாங்கினாராம், தேர்வைத் தள்ளிப்போட்டதில் சந்தா காலம் முடிந்து புத்தகம் மறைந்துவிட்டது. வாங்கும்போது எத்தனை நாள் திறந்திருக்கும் என்று பாருங்கள். வகுப்பு முடிந்து மூன்று மாதமாவது இருக்க வேண்டும்.

சேர்த்தது 2: ஊரில் 108-இல் சேர இதைப் படிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அங்கே சேருபவர்களுக்கு அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள், மருந்தும் விதிமுறையும் வேறு.

சேர்த்தது 3: தொண்டையில் அடைப்பு பற்றி. 2025 அக்டோபரில் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் மாற்றிவிட்டது. பெரியவர்களுக்கும் இப்போது முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம். நான் மேலே புகழ்ந்த 12ஆம் பதிப்பு அதற்கு முன்பே வந்தது. என் ஸ்பைரல் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் அந்தப் பத்தியின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், நீங்களும் ஒட்டிக்கொள்ளுங்கள்.