அரிவாள்மனையைப் பென்சிலால் வரைதல்

தேய்ந்த இரும்பு, துரு, தீட்டிய விளிம்பு, கீறல் விழுந்த மரம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்திருப்பதால், உள்ளதை உள்ளபடி வரையப் பழகுவோருக்குப் பழைய அரிவாள்மனையைவிடச் சிறந்த பொருள் இல்லை என்றே கருதுகிறேன். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழும்படி அதைத் தரையில் வைத்து, அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும். வழவழப்பான கனத்த தாளும், வெளிறிய கோடு தரும் கடினமான 2எச் தொடங்கி எச்பி, 2பி, அடர்ந்த கருமை தரும் மென்மையான 4பி வரையிலான பென்சில்களும் போதும்.

2எச் பென்சிலால் மிக மெல்லிய கோடுகளில் வடிவத்தை அமைக்கும்போது, அலகின் வளைவை மட்டும் நோக்காமல், அலகுக்கும் பலகைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் பார்த்து வரைந்தால், வளைவு பெரும்பாலும் பிசகாது.

நிழலிடத் தொடங்கியபின் முழுக் கவனமும் வேண்டியது, கருமை எவ்வாறு வெளிச்சமாக மாறுகிறது என்பதில்தான். பளபளக்கும் இரும்பில் அடர்ந்த கருமையை ஒட்டியே வெண்மை சட்டென்று வந்து நிற்கும். மரத்திலோ அந்த மாற்றம் மெதுவாக நிகழும். இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால், எத்தனை நுணுக்கங்களைச் சேர்த்தாலும் இரும்பு இரும்பாகத் தோன்றாது. தீட்டிய விளிம்பைப் பென்சில் தொடாமல் தாளின் வெண்மையாகவே விட்டு, அதை ஒட்டிய பகுதியை 4பி கொண்டு அழுத்தமாகக் கருக்க வேண்டும். பிறகு அழிப்பானால் அந்த வெண்மையை மீட்க முயன்றால், அத்தனை தூய்மை கிடைப்பது அரிது. துருவுக்கு எச்பியால் ஒழுங்கற்ற சிறு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, இடையிடையே 2பியால் புள்ளிகள் வைக்கலாம். அங்கே பளபளப்பு எட்டிப்பார்க்கக் கூடாது.

பலகையில் கத்திபட்ட கீறல்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. நிழலிடுவதற்கு முன்பே, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் தாளில் கோடுகளை அழுத்தி வைத்துவிட்டு, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மேலே தேய்த்தால், பள்ளங்களில் கரி படியாமல் அவை மெல்லிய வெண்கோடுகளாகத் தெரியும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கூரிய எச்பியால் ஒரு கருங்கோடு சேர்த்தால் ஆழமும் வந்துவிடும்.

தரையில் விழும் நிழல், பலகை தரையைத் தொடும் இடத்தில் மிகக் கருமையாகவும், விலகிச் செல்லச் செல்ல வெளிறி விளிம்பு மங்கியும் இருக்க வேண்டும். நிழலை விரலால் தேய்த்து மங்கச் செய்தால் தோலின் எண்ணெய் தாளில் திட்டாகப் படியும் என்பதால், சுருட்டிய காகிதத்தின் முனையைப் பயன்படுத்துவதே நல்லது.