பிள்ளையின் பல்லில் திட்டு தெரிகிறதா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குடும்பத்தோடு இங்கே வந்து இறங்கியதும் ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) பதிவீர்கள், பள்ளிக்கூடம் தேடுவீர்கள், பல் டாக்டரை மட்டும் வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) பல் சிகிச்சை இலவசம். இடம் கிடைக்கத்தான் அலைய வேண்டும், அதனால் நாலைந்து இடத்தில் கேட்டுவையுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். இந்த நாட்டில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல் இருந்தால்தான் சந்தேகப்படுவோம், ஆனால் சில பிள்ளைகளுக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது, பல்தான் காட்டிக்கொடுக்கும்.

நல்ல வெளிச்சத்தில் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். புதிதாக முளைத்த முன்பற்களில் வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டுகள், குறுக்கே வரிப்பள்ளம், சின்னச் சின்னக் குழிகள், அதுவும் இடப்பக்கம் இருப்பதுபோலவே வலப்பக்கமும் இருக்கிறதா? அந்த ஜோடிப் பற்கள் ஈறுக்குள் ஒரே காலத்தில் உருவானவை, அந்த நேரத்தில் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, சரியாகக் கட்டவில்லை. முளைத்த பல்லில் எனாமல் திரும்ப வளராது. சாக்லேட் தின்றாய், ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள், பாவம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி, அநுராதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இது ஃப்ளோரைடு தண்ணீரால் வந்த கறை என்று தோன்றும். அப்படியும் இருக்கலாம், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரும், பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது கஷ்டம். எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்புறம் ஜிபியிடம் போய் சீலியாக் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எனாமல் குறைபாடு இருந்தால் இந்தப் பரிசோதனையைப் பரிசீலிக்கலாம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பின் 2015 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அடிக்கடி வாய்ப்புண், ரத்தசோகை, வளர்ச்சி குறைவு எது இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் இடறுவது இங்கேதான்: சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தினால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். இட்லி, தோசை, சோறு என்றே ஓடுகிற வீடுகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

நோய் உறுதியானால் பாண் (பிரெட்), பரோட்டா, ரவை, சேமியா எல்லாம் நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். தப்பிப்போவது பெருங்காயம். கடையில் விற்கும் டப்பாக்கள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதனால் சாம்பாரும் ரசமும் கூடக் கெட்டுப்போகும். இலங்கை வீடுகளில் இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மா சேர்ப்பதும் அப்படித்தான். பாக்கெட் உணவின் பொருட்பட்டியலில் கோதுமை, பார்லி போன்ற பெயர்களை எடுப்பாகத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது இங்கே சட்டம், பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள்.

பல்லுக்குப் பாதுகாப்பாகப் பூசும் ஃப்ளோரைடு வார்னிஷ், திட்டை மறைக்கும் பூச்சு எல்லாம் பல் டாக்டர் செய்வார். அப்படியே அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வீட்டில் குட்டித் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களை முதலில் கூட்டிப் போங்கள், அவர்களுடைய நிரந்தரப் பற்கள் இன்னும் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்.